நூற்றுப் பதினேழாம் நம்பர் கூடை

திலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய வாயில்லாத்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் ஐம்பது ராத்தல் எடுக்கும் நாளில் அவள் கூடையில் எழுபது இருக்கும். ஆனால் தனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டாள். நிறுவையில் கங்காணி நாலு ராத்தலைக் குறைத்துச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். பார்க்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நிறுவையில் பெயருக்கு வேலை இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. அதைக் கூடையில் வெள்ளைச் சாயத்தால் எழுதியிருப்பார்கள். தராசின் முன்னால் கூடையை இறக்கி நம்பரை உரக்கச் சொல்ல வேண்டும், கணக்குப் பார்க்கும் கிராணி அதைக் கேட்டு எழுதிக்கொள்வார். திலகத்தின் நம்பர் நூற்றுப் பதினேழு. முதலில் அது அவள் அம்மா மாரியம்மாவின் நம்பர். அம்மா இறந்ததும் கூடையும் நம்பரும் மகளுக்கு வந்தன. "நூத்திப் பதினேழு!" என்று மாலையில் அவள் போடும் குரல்தான் நாள் முழுவதும் அவளிடமிருந்து நாங்கள் கேட்கும் ஒரே பெரிய சத்தம்.

நான் மேவிஸ். லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில் அவளுக்குப் பக்கத்து வீடு. ஆயாக் கொட்டகையில் கொழுந்துக்காரிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தானா ராத்தா கான்வென்டில் மூன்றாம் படிவம் வரை படித்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும், கூடவே கொஞ்சம் திமிரும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் என்னைத் திலகத்தோடு கோலாலம்பூருக்கு அனுப்பி வைத்தன.

அது எழுபத்து மூன்றாம் வருஷம். திலகத்திடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. பிரஜை இல்லாதவர்களுக்கு அதுதான். இதே மலையில், இதே லயத்தில் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவள் அவள். சோற்றுக்கே வழியில்லாத காலத்தில் பிறப்பைப் பதிய யார் போவார்கள்? சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீடாகக் காலியாக ஆரம்பித்தது. மேல் லயத்து இருளப்பன் குடும்பம் பூர்வீக ஊருக்குக் கப்பலேறிப் போனபோது அவர்கள் வளர்த்த நாய் மூன்று நாள் பூட்டிய கதவின் முன்னால் படுத்துக் கிடந்தது. திலகம்தான் அதற்குச் சோறு வைத்தாள்.

அவளுடைய பெர்மிட் அந்தப் புதன்கிழமையோடு முடிகிறது. புருஷன் வேலப்பனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சிக்கல் இல்லை, இவளுக்கு மட்டும்தான். குழந்தையிலிருந்தே உன்னைத் தெரிந்த ஒரு பெரிய மனிதர், நீ இங்கேதான் பிறந்தாய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மனுவை எடுத்துக்கொள்கிறேன் என்று பதிவு அலுவலகத்து அதிகாரி சொல்லியிருந்தார். கையெழுத்து இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் லயத்தில் வீடும் இல்லை. அதற்குப் பிறகு கப்பல்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதர் எஸ்டேட்டை நிர்வகித்த பழைய பெரிய துரை. அவர் ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கிராணி கிரகரி ஆபீசிலிருந்து நேராக எங்கள் லயத்துக்கு ஓடி வந்தார்.

"பெரிய தொரை கோலாலம்பூர் வந்திருக்காராம். பெரிய ஓட்டல்ல தங்கியிருக்காரு. சனிக்கெழம மத்தியானம் ஏரோபிளேன் ஏறிடுவாரு. இனிமே வரமாட்டாரு. பிடிக்கிறதுன்னா இப்பவே பிடிக்கணும்" என்றார். அன்றைக்கே கடிதத்தை டைப் அடித்தும் கொடுத்துவிட்டார். துரை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வீட்டில் தேடித் துழாவியதில் பணமாக முப்பத்தைந்து வெள்ளி தேறியது. பட்டணத்தில் பிக்பாக்கெட் அதிகம் என்று எல்லோரும் பயமுறுத்தியதால் வழிச் செலவுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டு, மீதிப் பணம், கடிதம், சிவப்புக் கார்டு மூன்றையும் உரமூட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, தன் கோட்டின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டாள் திலகம். அது பழைய பட்டாளத்துக் கோட்டு, கொழுந்துக் கறை பிடித்துக் கைகள் இரண்டும் கறுத்துப் போனது. விடியற்காலைக் குளிரில் எங்கள் பெண்கள் எல்லோருமே அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் கழற்றி மலை ஓரத்து மரத்தில் மாட்டிவிடுவார்கள். ஒரு மரத்தில் இருபது கோட்டுகள் தொங்கும். யாரும் யாருடையதையும் தொடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மலையை விட்டு இறங்கி, தாப்பாவில் பஸ் மாறி, பொழுது சாயும் நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கினோம். ஊரா அது! கார்கள் நிற்காமல் ஓடின. ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கைப்பையின் விலையைப் பார்த்துவிட்டு, அது திலகத்துக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். கால்கழுவப் போனாலும் காசு, ஒதுங்கி உட்கார்ந்தாலும் காசு. கட்டிக்கொண்டு போன சப்பாத்தியைத் தின்றுவிட்டு, ரயில் நிலையப் பெஞ்சில் படுத்து எழுந்தோம். திலகம் கோட்டைக் கழற்றவே இல்லை. வியர்த்து ஊற்றியது. தையலை மட்டும் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஓட்டலைக் கண்டுபிடிக்கவே பத்தரை ஆகிவிட்டது. முன்னால் பெரிய தோட்டம், வெட்டிவிட்ட புல், பூமரங்கள். வாசலில் தலைப்பாகையும் பித்தளைப் பொத்தானுமாகக் காவலுக்கு ஒரு ஜாகா. அவன் பார்வை திலகத்தின் கோட்டில் ஒட்டிக்கொண்டதை நான் தூரத்திலிருந்தே கவனித்துவிட்டேன்.

"இந்தக் கோட்டோட போனா நம்மள உள்ளயே விடமாட்டான். கழட்டுடி" என்றேன்.

கழற்றினாள். உள்ளே ஒரு நல்ல சேலைதான் கட்டியிருந்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தி இங்கிலீஷில் குட்மார்னிங் சொன்னதும் ஜாகா கதவைத் திறந்துவிட்டான். இருக்கிற திமிரையெல்லாம் அந்த ஒரு குட்மார்னிங்கில் செலவழித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேசைக்குப் பின்னால் இருந்த சீனப்பெண் போன் பண்ணிக் கேட்டுவிட்டு, "பதினொன்றரைக்குக் கீழே வருவார். கார் சொல்லியிருக்கிறது, நேராக விமான நிலையம் போகிறார். பிடித்தால் இங்கேதான் பிடிக்கலாம்" என்றாள். அப்போது மணி பத்து ஐம்பது. லிப்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த சோபாவில் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது தேநீர் குடிப்பவர்கள் உட்காரும் இடமாம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மலாய்ப் பையன் குனிந்து, என்ன வேண்டும் அக்கா என்று அட்டையை நீட்டினான். எழுந்து போனால் வேறு எங்கே நிற்பது? இருப்பதிலேயே குறைந்த விலை தேநீர்தான். அதுவே இரண்டு வெள்ளி எண்பது காசு. திலகம் ஒரு நாள் முழுக்க மலையில் நின்று வாங்கும் கூலியில் முக்கால் பங்கு அது. ஒன்றே ஒன்று சொன்னேன்.

வெள்ளிப் பாத்திரத்தில் வந்தது. திலகம் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"மேவிசு, இது தூளு. நம்ம ஃபேக்டரியில கடைசியா சலிக்கிறது" என்று காதருகே சொன்னாள். அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவளும் லேசாகச் சிரித்தாள். குளிர் சாதனம் சில்லென்று வீசிக்கொண்டிருந்தது. "நம்மூரு காத்து மாதிரியே இருக்குல்ல" என்றபடி, தோளில் இழுத்துவிட்டுக்கொள்ள அவள் கை கோட்டைத் தேடியது. கை அப்படியே நின்றது.

"கோட்டு" என்றாள்.

"எங்கடி வச்ச?"

"மரத்துல மாட்டிட்டேன்."

வாசலில் அவள் அந்தப் பூமரத்துக் கிளையில் கோட்டை மாட்டியதை நானும் என் கண்ணால் பார்த்தேன். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய காரியம். கோட்டைக் கழற்றினால் மரத்தில் மாட்டுவோம், வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்வோம். இது கோலாலம்பூர் என்பது எங்கள் இரண்டு பேருடைய கைக்கும் கண்ணுக்கும் தெரியவில்லை. கழற்றச் சொன்னதும் நான்தானே! என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

திலகம் வெளியே ஓடினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மரம் இருந்தது, பூ இருந்தது, கோட்டு இல்லை. அவள் மரத்தைச் சுற்றி வந்தாள், தரையில் தேடினாள், ஜாகாவிடம் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு அவள் கட்டிடத்தின் பின்பக்கமாக ஓடி என் கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள்.

என்னால் எழுந்து போகவும் முடியாது. துரை வந்துவிட்டால்? வழிச் செலவுச் சில்லறை தீர்ந்துபோய், தேநீருக்குக் காசும் கையில் இல்லை. காசு, கடிதம், கார்டு, ஊருக்குப் போகிற பஸ் செலவு எல்லாமே அந்தக் கோட்டில்தான். லிப்ட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எழுந்து நின்று பார்த்தேன். பதினொன்று இருபது. மலாய்ப் பையன் பில்லை மடித்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். அந்தோணியாரே, தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். கூடவே அவளுக்காக மாரியாத்தாளையும் கூப்பிட்டேன்.

பதினொன்று இருபத்தைந்துக்கே லிப்ட் திறந்து துரை வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கையில் தடி, பக்கத்தில் துரைசாணி, பின்னால் பெட்டிகள். ஒரு காலத்தில் இவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே லயமே அடங்கும். நான் குறுக்கே போய் நின்றேன். பேசப் பேச என் இங்கிலீஷ் நொண்டியது, ஆனாலும் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"திலகம் என்று யாரும் ஞாபகத்தில் இல்லை. எழுநூறு பேர் வேலை செய்தார்கள்" என்றார்.

"மாரியம்மாவின் மகள், துரை."

"மாரியம்மா என்றே நாற்பது பேர் இருந்தார்கள், பெண்ணே. எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அடையாளக் கார்டு எங்கே?"

நான் வாசல் பக்கம் கையைக் காட்டினேன். துரைசாணி கைக்கடிகாரத்தைக் காட்டினாள். கார் வாசலுக்கு வந்து நின்றது.

அந்த நேரத்தில் திலகம் உள்ளே ஓடி வந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. சேலை ஓரமெல்லாம் சேறு. அவளுக்குப் பின்னாலேயே ஜாகா. அவள் கையில் கோட்டு இல்லை. துரையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

துரைக்குத் தமிழ் தெரியும். கங்காணிகளிடம் கற்ற தமிழ், மரியாதை கிடையாது. "யாரு நீ?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. தராசின் முன்னால் வருவதுதான் வந்தது.

"நூத்திப் பதினேழு!"

மலை மேட்டில் போடுகிற அதே குரல். அந்தக் கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

துரை தடியை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தார். "நூத்திப் பதினேழு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "கஞ்சி" என்றார். பிறகு துரைசாணியிடம் திரும்பி இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். சண்டை முடிந்து ஜப்பான்காரனின் சிறையிலிருந்து எலும்பும் தோலுமாக அவர் எஸ்டேட்டுக்குத் திரும்பிய அன்று, பங்களாவில் ஒரு நாற்காலிகூட இல்லையாம். லயத்திலிருந்து ஒரு பெண் மரவள்ளிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாளாம். அவள் முதுகில் தொங்கிய கூடையில் நூற்றுப் பதினேழு என்று எழுதியிருந்ததாம். இடுப்பில் ஒரு குழந்தை இருந்ததாம்.

"அந்தக் குழந்த நீயா?" என்று கேட்டார்.

திலகம் தலையை ஆட்டினாள்.

அவர் மேசைக்குப் போய் ஓட்டல் பெயர் அச்சடித்த தாளை வாங்கி, நின்றபடியே எழுதினார். பாஸ்போர்ட் நம்பரைப் போட்டுக் கையெழுத்திட்டார். தாளை என்னிடம் கொடுத்துவிட்டுக் காருக்குப் போனார்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அங்கேயே அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். "இந்தப் பெண் என்னிடம் வேலை செய்த நூற்றுப் பதினேழாம் நம்பர் தொழிலாளியின் மகள். நாற்பத்தைந்தாம் வருஷம் அக்டோபரில் இவளைக் கைக்குழந்தையாக எஸ்டேட் லயத்தில் பார்த்தேன். இவள் அங்கேதான் பிறந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை."

"எங்கம்மா பேரு?" என்றாள் திலகம்.

"பேரு இல்ல. நம்பர் போட்டிருக்காரு. இதுவே போதும்லா, வா."

போதும் என்று சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கார் நகர ஆரம்பித்துவிட்டிருந்தது. நேராக அதற்கு முன்னால் போய், காரின் சூடான முன்மூடியின் மேல் கையை வைத்து நின்றாள். டிரைவர் ஹாரனை அழுத்தினான், ஜாகா கத்தினான். அவள் நகரவில்லை. கிடைத்ததையும் கெடுத்துக்கொள்ளப் போகிறாளே என்று நான் பின்னாலேயே ஓடினேன். துரை கோபித்துக்கொண்டு தாளைக் கிழித்துப் போட்டால் என்ன செய்வோம்?

கண்ணாடி இறங்கியது.

"தொரே, கஞ்சி குடுத்தது நம்பர் இல்லீங்க. எங்கம்மா பேரு மாரியம்மா. அத எழுதுங்க" என்றாள். காரின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"நேரம் இல்லை, போகச் சொல்" என்று உள்ளேயிருந்து துரைசாணி சொன்னாள். துரை கையை நீட்டினார். திலகம் அவரிடம் போய்த் தாளைக் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்து இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, நம்பரின் மேல் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே எழுதினார். ஓரத்தில் சின்னதாக இன்னொரு கையெழுத்தும் வைத்தார்.

"மாரியம்மா" என்று வாய்விட்டுச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கார் போய்விட்டது.

அப்புறம்தான் பில் ஞாபகம் வந்தது. மலாய்ப் பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றான். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்துப் பக்கமிருந்து அரிவாளும் கையுமாக ஒரு ஆள் வந்தார். அவர் தோளில் திலகத்தின் கோட்டு கிடந்தது.

"ஒங்களதாம்மா? மேனேசர் பாத்தா குப்பையில போட்டுருவான்னு கொட்டாயில எடுத்து வச்சேன். மரத்துல கோட்டு தொங்குனதுமே தெரிஞ்சுபோச்சு, நம்மாளு யாரோ வேலைக்கு எறங்கியிருக்காங்கன்னு" என்றார். ஓட்டல் தோட்டக்காரர், பெயர் நல்லுசாமி. ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவராம்.

திலகம் கோட்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஓட்டலுக்குள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தப் புல்தரையில் உட்கார்ந்து அப்படி அழுதாள். நல்லுசாமி தன் அரிவாள் நுனியால் தையலைப் பிரித்துக் கொடுத்தார். எல்லாம் இருந்தது. தேநீர்க் காசைக் கட்டிவிட்டு, மீதி இருந்ததில் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் வாங்கித் தின்றுகொண்டு பஸ் ஏறினோம்.

திங்கட்கிழமை விடியலில், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் அவள் பெயர் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை நானும் அவளும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். பிரஜைகளுக்கான நீலக் கார்டு கைக்கு வர அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆனது. அதை அவள் வாங்கிய நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமைதான் நினைவில் இருக்கிறது.

அதிகாரி ஓட்டல் தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் படித்தார். கோடு போட்ட இடத்தில் விரலை வைத்து, இது என்ன நூற்றுப் பதினேழு என்று மலாயில் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திலகம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது கூடை நம்பர், துவான்" என்று அவளே மலாயில் சொன்னாள். "எங்கம்மா பேரு மேல எழுதியிருக்கு."